மைனஸ் ஐம்பது உப்பு

போன மாதம் பென்ஷன் கதை எழுதியபோது, "அடுத்து பழைய புதுச்சேரி சினிமாக் கொட்டகைகளைப் பற்றி எழுதுங்கள்" என்று இரண்டு மூன்று அன்பர்கள் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். அதற்கு முன் இன்று ஒரு கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இது உப்புத் தண்ணீர்க் கணக்கு. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும், கிணறு வைத்திருந்தவர்களுக்கும் சம்பந்தமானது. கடைசியில் என் ஆபீஸ் வாழ்க்கையில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

மகள் வயிற்றுப் பேத்தி எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ப்ராஜெக்ட் வேலையாக லேப்டாப்புடன் இங்கே வந்து பத்து நாள் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் திரையில் ஒரு கோட்டைக் காட்டி, "தாத்தா, நல்லா வந்திருக்கு பாருங்க" என்றாள். ஓடுகிற தண்ணீரில் ஒரு பொருள் கரைந்து பரவும் கணக்கு. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கோட்டைவிட அதன் பக்கத்தில் அவள் எழுதியிருந்த கட்டளைகளில் ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்பது அதன் பொருள்.

"இது எதுக்கும்மா?"

"சில இடத்துல மைனஸ் வருது தாத்தா. உப்பு எப்படி மைனஸ்ல இருக்கும்? அதான் ஸெரோ ஆக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

அந்த "எல்லாரும்" என்ற சொல் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் வகுப்பில் கணக்கு பிரெஞ்சில்தான் நடந்தது. எங்கள் கணக்கு முசே ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். பரீட்சைத் தாளோடு 'ப்ருய்யோன்' தாளையும், அதாவது அடித்துத் திருத்திப் போட்ட கச்சாத் தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நல்ல தாளில் விடை அழகாக இருக்கும். பையன் எங்கே தடுமாறினான் என்பது கச்சாத் தாளில்தான் தெரியும் என்பார். மைனஸ் வந்த இடத்தை மறைத்துவிட்டு நல்ல தாளை மட்டும் காட்டுகிறாளே என்று தோன்றியது.

மறுநாள் காலை காபி குடித்ததும் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "கம்ப்யூட்டரை மூடு. நம்ம ஊர்க் கணக்காவே போடலாம்" என்றேன்.

நிலத்திலிருந்து கடல் வரை ஒரு கிலோமீட்டர் நீளக் கோடு. பூமிக்கடியில் நல்ல தண்ணீர் மெதுவாகக் கடலை நோக்கி ஓடுகிறது. கடலிலிருந்து உப்பு அதை எதிர்த்து உள்ளே பரவப் பார்க்கிறது. ஓட்டம் ஒரு பக்கம், பரவல் மறுபக்கம். நில முனையில் உப்பு 0, கடல் முனையில் 100. நடுவில் 100 மீட்டருக்கு ஒரு கிணறாக ஒன்பது கிணறுகள். ஒவ்வொன்றிலும் உப்பு எவ்வளவு?

உண்மையில் உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழையும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது பழைய விதி. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே கோட்டில் வைத்துக்கொண்டது, கை வலிக்காமல் போடக்கூடிய எளிய கணக்கு.

ஓட்டம் பரவலைவிட எத்தனை மடங்கு பலமானது என்பதைச் சொல்ல ஒரு எண் உண்டு. வேகத்தை நீளத்தால் பெருக்கி, பரவல் எண்ணால் வகுக்க வேண்டும். பேத்தி அதை 'பெக்லட் நம்பர்' என்றாள். நான் விடவில்லை. அவர் பிரெஞ்சுக்காரர், 1793-இல் பெசான்சோனில் பிறந்தவர், கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது, 'பெக்லே' என்று சொல் என்றேன். மார்செய்யில் வாத்தியாராக இருந்து, பிறகு பாரிஸில் 1829-இல் எக்கோல் சாந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெப்பம் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். எழுபது வயதுக்கு மேல் எனக்கு மிச்சமிருக்கும் அதிகாரம் உச்சரிப்பைத் திருத்துவது ஒன்றுதான்.

எங்கள் கணக்கில் இரண்டு கிணறுகளுக்கு இடைப்பட்ட 100 மீட்டருக்கு பெக்லே எண் 6 என்று வைத்தோம். முழு கிலோமீட்டருக்கு 60. இதற்குச் சரியான விடை சூத்திரமாகவே கிடைக்கும். கடலிலிருந்து உள்ளே வர வர உப்பு மடமடவென்று விழுகிறது. கடலுக்குப் பக்கத்துக் கிணற்றில், அதாவது 100 மீட்டரில், 0,25. (பழக்கதோஷம், நான் தசமப் புள்ளிக்குக் கமா போடுகிறவன். பேத்தி இருபத்தைந்து என்று படித்துக் கலவரப்பட்டாள். இனி புள்ளியே வைக்கிறேன்: 0.25.) அதற்கு உள்ளே எல்லாம் பூஜ்யம் என்றே சொல்லலாம். உப்பு முழுவதும் கடலை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையில் இருக்கிறது. கடலிலிருந்து சுமார் 17 மீட்டர் உள்ளே வருவதற்குள் அது மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகக் குறைந்துவிடும். இதைத்தான் எல்லை அடுக்கு என்கிறார்கள். 1904-இல் ஹைடல்பர்கில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மானியர் பிராண்டல் இந்த எண்ணத்தை முன்வைத்தார். ஓடும் திரவத்தில் சுவரை ஒட்டிய மெல்லிய பட்டையில்தான் உராய்வின் வேலை நடக்கிறது, அதைத் தனியாகக் கவனியுங்கள் என்றார்.

இனி, சூத்திரம் தெரியாதவர் போல, புத்தகத்தில் முதலில் வரும் வழியில் போட்டோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் இடம் வலம் இரண்டு பக்கத்தையும் சமமாகப் பார்க்கும் 'மைய வேறுபாடு' முறை. கணக்கை விரித்தால் அழகான ஒன்று தெரிகிறது. ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு உப்பு எவ்வளவு ஏறுகிறதோ, அந்த ஏற்றம் ஒவ்வொரு அடியிலும் ஒரே எண்ணால் பெருகிக்கொண்டே போகிறது. உண்மையான விடையில் அந்த எண் 403. மைய முறையில் பெக்லே எண்ணோடு இரண்டைக் கூட்டி, இரண்டிலிருந்து பெக்லே எண்ணைக் கழித்ததால் வகுக்க வேண்டும். எட்டை மைனஸ் நான்கால் வகுத்தால் மைனஸ் 2.

403 இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 2! ஆகவே விடை மேலும் கீழுமாகக் குதிக்கிறது. கடலிலிருந்து 100 மீட்டரில் உள்ள கிணற்றில் உப்பு மைனஸ் 50.1. அடுத்ததில் பிளஸ் 24.9. அதற்கடுத்து மைனஸ் 12.6. பிறகு பிளஸ் 6.2.

"இப்ப உன் வரியைப் போடு. மைனஸ் எல்லாம் ஸெரோ" என்றேன். போட்டாள். கடலுக்கு 100 மீட்டரில் இளநீர் மாதிரித் தண்ணீர், 200 மீட்டரில் கால் கடல், 300-இல் மறுபடி நல்ல தண்ணீர். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைனஸை அழித்தோமே தவிர, அதோடு கூடப் பிறந்த பொய்யான பிளஸ்களை அழிக்கவில்லை. மைனஸ் இருந்தவரை பார்க்கிறவன் உஷாராவான். அதை எடுத்த பிறகு உஷாராக வழியே இல்லை.

இரண்டாவது வழி, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பது. ஆங்கிலத்தில் அப்விண்ட். பிரெஞ்சில் 'அமோன்' என்பார்கள், ஆற்றின் மேல்பக்கம் என்று பொருள். அந்தச் சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதில் பெருகும் எண் 7. மைனஸ் கிடையாது, குதியாட்டம் கிடையாது. கோடு வழவழவென்று ஏறுகிறது. ஆனால் 100 மீட்டர்க் கிணற்றில் உப்பு 14.3. இருக்க வேண்டியது 0.25. ஐம்பத்தேழு மடங்கு அதிகம்!

காரணம் தேடினோம். மேல்பக்க முறை என்பது வேறொன்றுமில்லை. பரவல் எண்ணை யாரிடமும் சொல்லாமல் நான்கு மடங்காக்கிவிட்டு, அதே மைய முறையைப் போடுவதுதான். நான்கு மடங்கு பரவலுக்கு பெக்லே எண் ஆறிலிருந்து ஒன்றரையாகிவிடும். மூன்றரையை அரையால் வகுத்தால் ஏழு. கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல், தெரிந்த வேறு கேள்விக்கு விடை எழுதும் மாணவன் மாதிரி.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். குதிக்கிற தப்பு, வழவழப்பான தப்பைவிட நல்லது. முதலாவது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1981-இலேயே கிரெஷோ, லீ என்ற இருவர், குதியாட்டத்தை அமுக்காதீர்கள், உங்கள் கட்டம் போதவில்லை என்று அது சொல்கிறது என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பேத்திதான் தேடிக் காட்டினாள்.

இதைச் சொன்னதும் என்னோடு கடற்கரையில் நடக்கும் ரிட்டயர்டு இன்ஜினீயர் நண்பர் சண்டைக்கு வந்தார். "ஐயா, நீங்க காலண்டர்ல போடற கணக்கு வேற. நிஜத்துல ஒரு இடத்து விடை இன்னொரு இடத்துக்குள்ள போகும். ரசாயனக் கணக்குல மைனஸ் அளவு வந்தா மொத்தமும் வெடிச்சுப் போயிடும். அப்விண்ட் இல்லாம நாங்க பாலமும் கட்ட முடியாது, பாய்லரும் கட்ட முடியாது" என்றார். இன்னொன்றும் சொன்னார். உப்புப் பட்டையின் கனம் இரண்டு மீட்டர்தான் என்றால், குதிக்காமல் இருக்க நான்கு மீட்டருக்கு ஒரு புள்ளி வேண்டும். கிலோமீட்டருக்கு 250. நீளம், அகலம், ஆழம் மூன்றுக்கும் அப்படியே வைத்தால் ஒன்றரைக் கோடிப் புள்ளிக்கு மேல். "உங்க பென்ஷன்ல அந்த கம்ப்யூட்டரை வாங்கித் தருவீங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மேல்பக்க முறையைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. 1982-இல் புரூக்ஸ், ஹியூஸ் இருவரும், கூடுதல் பரவலைச் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் ஓட்டத்தின் திசையில் மட்டும் சேருங்கள், குறுக்கே சேர்க்காதீர்கள் என்று ஒரு வழி வகுத்தார்கள். அது நாணயமான வழி. என்ன சேர்த்தோம், எங்கே சேர்த்தோம் என்பது எழுத்தில் இருக்கிறது. நான் கேட்பதும் அதைத்தான். விடைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இந்தக் கணக்கில் பரவல் நான்கு மடங்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆபீஸில் நாலணா தபால்தலைக்குக் கணக்கு எழுதினோம், இதற்கு எழுதக் கூடாதா?

புள்ளி போதாது என்பதற்கும் பதில் இருக்கிறது. அது பணத்தால் அல்ல, புத்தியால் வந்த பதில். எல்லா இடத்திலும் நெருக்கமாகக் கிணறு வெட்டாதே, அடுக்கு இருக்கிற இடத்தில் வெட்டு என்றார்கள் ரஷ்யர்கள். 1969-இல் பக்வாலோவ் ஒரு வகையில் சொன்னார். பிறகு ஷிஷ்கின் என்பவர் அதைவிட எளிமையாக்கினார். இருக்கிற துண்டுகளில் பாதியை அடுக்குக்குள் வை, மீதிப் பாதியை மற்ற இடம் முழுவதற்கும் பரப்பு. எல்லைக்கோடு எங்கே என்பதற்கு ஒரு லாகரிதம் சூத்திரம். இந்தத் துறையில் வேலை செய்கிற கணிதக்காரர்கள் திருச்சிப் பக்கமும் உண்டு என்று பேத்தி சொல்லக் கேட்டு மகிழ்ச்சி.

அதையும் போட்டுப் பார்த்தோம். அதே பத்துத் துண்டு, ஒன்றும் கூட்டவில்லை. கடலோரம் 76.8 மீட்டருக்குள் ஐந்து, மீதி 923 மீட்டருக்கு ஐந்து. மானம் போன அதே மைய முறை. கடலிலிருந்து சுமார் 15 மீட்டரில் விடை 37.0, உண்மை 39.8. சுமார் 31 மீட்டரில் 13.7, உண்மை 15.8. உள்ளே தூரத்தில் கொஞ்சம் குதிக்கத்தான் செய்கிறது, ஆனால் அரை சதவீதத்துக்கும் கீழே. மைனஸ் ஐம்பது எங்கே, இது எங்கே! பேத்தி காலண்டர்த் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

நண்பர் கடைசி அஸ்திரமாக, அடுக்கு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாதே என்றார். உண்மைதான். அப்போது அதைக் காட்டிக்கொடுப்பது எது? அந்த மைனஸ்தான். குதிக்கிற இடத்தில் கட்டத்தை நெருக்கிப் போடு என்று அது கையைப் பிடித்துக் காட்டுகிறது. அதைத்தான் நாம் முதல் வேலையாக அழிக்கிறோம்.

இவ்வளவு ஏன் மனசில் தைத்தது என்று சொல்ல வேண்டும் அல்லவா? எண்பதுகளின் நடுவில் நான் ஓர் அலுவலகத்தில் யு.டி.சி. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கடற்கரைப் பக்கம் புது போர்வெல்லுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று ஒரு ஃபைல் வந்தது. எட்டுக் கிணறுகளின் தண்ணீர்ச் சோதனை அட்டவணையை நான் டைப் செய்ய வேண்டும். எண்களை உருண்டையாக்கிச் சொல்கிறேன். ஏழு கிணறுகளில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிகிராம். கடலை ஒட்டிய எட்டாவதில் 1100. குடிதண்ணீருக்கு 250-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 1000 வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவுகோல். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதே என்று மேலே கேட்டேன். "எதுக்குய்யா எட்டு நம்பர்? ஆவரேஜ் போட்டு ஒரு வரியில குடு, நீட்டா இருக்கும்" என்று பதில் வந்தது. போட்டேன். 190. 250-க்குள். ஃபேர் காப்பி சுத்தமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது என்று கீழே என் சுருக்கொப்பமும் இருந்தது. டிராஃப்ட் தாளை வழக்கம்போலக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

சில வருஷம் கழித்து ஓர் அம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "ஐயா, குடிச்சுப் பாருங்க" என்றார். உப்பு. கடலோரத்திலிருந்து இரண்டாவது தெரு, மாமியார் காலத்துக் கிணறு. என் ஆவரேஜால்தான் அந்தக் கிணறு உப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் எத்தனையோ போர்வெல். ஒரு கிளார்க்கின் ஒரு வரிக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் எச்சரிக்கை ஒன்று என் கை வழியாக வந்தது, அதை நான் ஏழோடு சேர்த்து எட்டால் வகுத்தேன் என்பது மட்டும் நிஜம். அந்த அம்மாளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

இன்று நம் கடற்கரைகளின் நிலத்தடி நீரையும், ஆலைப் புகை போகும் வழியையும், ஆற்றில் கழிவு கலப்பதையும் இப்படிக் கம்ப்யூட்டர் கணக்கு போட்டுத்தான் ஃபைலில் வைக்கிறார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரி வழவழப்பான வண்ணப்படம் ஒன்றைத்தான் பார்ப்பார். தொல்லை வருவதென்னவோ அந்த மெல்லிய பட்டையில்தான். அதனால் வாத்தியார்மார்களுக்கு என் வேண்டுகோள்: சரியான முறையைக் கற்றுக்கொடுக்கும் முன், தப்பான முறை எப்படித் தப்பாகிறது என்பதை ஒரு தடவை பிள்ளைகள் கையாலேயே போட விடுங்கள். பத்துத் துண்டு, ஒரு காலண்டர்த் தாள், ஒரு காலைப்பொழுது போதும். மைனஸ் ஐம்பது உப்பைத் தன் கையால் எழுதியவன் வாழ்நாள் முழுக்க வழவழப்பான கோட்டை நம்ப மாட்டான்.

பேத்தி ஊருக்குக் கிளம்பும் முன் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டாள். ப்ராஜெக்டின் பின்னிணைப்பில் மைனஸ் அட்டவணையையும் சேர்த்திருக்கிறாள். "மார்க் குறைஞ்சா நீங்கதான் பொறுப்பு தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பொறுப்பு என்னுடையதுதான். மார்க் வந்ததும் எழுதுகிறேன். சினிமாக் கொட்டகைகள் அடுத்த வாரம்.